சூளையில் குறைந்த எடை

என் வாப்பா ஹுசைன் எதையும் நிறுக்காமல் வீட்டுக்குள் எடுக்க மாட்டார். சந்தையில் நிறுத்து வாங்கிய மீனை வீட்டில் மறுபடியும் நிறுப்பார். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் வட்டிலப்பம் வைத்துக் கொடுத்த தட்டை வாங்கியவர், உண்பதற்கு முன் உள்ளங்கையில் வைத்து மெல்ல ஏற்றி இறக்கியதை நான் கண்ணால் கண்டேன். அந்த வீட்டுக்காரர்கள் அதை ஏதோ பிரார்த்தனை, துஆ என்று நினைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

நாங்கள் கருவாட்டு வியாபாரக் குடும்பம். கருவாட்டில் உப்பு ஒட்டியிருந்தால் அது விற்பவன் பக்கம். ஈரம் இருந்தால் அதுவும் விற்பவன் பக்கம். வாங்குகிறவன் பக்கம் இருப்பது வாய் மட்டுந்தான். அந்தப் பேச்சுகளுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். ஒருவன் 'இதுதான் கடைசி விலை' என்று சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது, கால் பெருவிரலைப் பார்க்க வேண்டும் என்பது எழுத்துப் பழகுவதற்கு முன்னமே எனக்குத் தெரியும். முகம் பொய் சொல்லப் பழகியது. பெருவிரலுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

தொண்ணூறாம் ஆண்டு துவக்கோடு வந்த இயக்கக்காரர் முஸ்லிம்களான எங்களை முசலிக் கரையை விட்டுப் போகச் சொன்னபோது, வாப்பா கடலட்டை நிறுக்கும் பித்தளைத் தராசைச் சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். படிக்கற்களைப் பாரம் என்று விட்டுவிட்டார். புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் அந்தத் தராசு நிறுப்பதற்கு ஒன்றும் இல்லாமல், நிறுப்பதற்குக் கல்லும் இல்லாமல், வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அங்கேயே வளர்ந்து, அங்கேயே கலியாணமும் முடித்தேன்.

யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது வீடு நின்றது. அதாவது, சுவர் நின்றது. ஓடு இல்லை, கூரை வளை இல்லை, யன்னல் இல்லை. வாசலில் இருந்த முதிரை மரத்து இரட்டைக் கதவு இல்லை. அந்தக் கதவின் வலது பக்கத்தில், பிஸ்மியின் எண்ணான 786 என்பதை வாப்பாவின் வாப்பா தன் கையால் செதுக்கியிருந்தார். ஓடு போனதை வாப்பா இரண்டு நாள் பேசினார், பிறகு விட்டுவிட்டார். கதவை விடவில்லை. தெருவில் போகும்போது அவர் எதிரே வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை; இரு பக்கமும் உள்ள வீடுகளின் வாசலைப் பார்த்துக்கொண்டு போவார். ஸலாம் சொன்னவர்கள் பதில் கிடைக்காமல் கோபித்துக்கொண்டார்கள்.

கூரைக்குத் தகரம் போட்டோம். வாசலுக்குச் சாக்குப் படங்கு தொங்கவிட்டோம். சுவரின் பழைய பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. அது சிப்பிச் சுண்ணாம்பால் பூசிய சுவர். அதன்மேல் சீமெந்து பூசினால் ஒரு மழைக்குள் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. ஆகவே சுண்ணாம்புதான் வேண்டும். சுண்ணாம்பு வேண்டுமென்றால் யோசேப்பிடம்தான் போக வேண்டும்.

யோசேப் பக்கத்துக் கத்தோலிக்க ஊரைச் சேர்ந்தவர். பனங்காட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய சூளை. எங்கள் வீட்டை முதன்முதலில் பூசியதும் அவர் சுட்ட சுண்ணாம்புதான். சண்டைக் காலத்தில் அடைக்கலம் தேடி மடுக் கோவிலுக்கு ஓடி, திரும்பி வந்து, மறுபடி ஓடி, இப்போது தனி ஆளாக அந்தச் சூளையைக் கட்டி எழுப்பியிருந்தார். மனைவி அன்ரோனெற் இடையில் காய்ச்சலில் செத்துப்போனார் என்பது ஊருக்குத் தெரியும். கரையில் பழைய முத்துச் சிப்பிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. திரும்பி வந்த குடும்பங்கள் எல்லாம் சிப்பி பொறுக்கி வைத்துக்கொண்டு, யோசேப்பின் சூளைக்கு முறை பார்த்துக்கொண்டிருந்தன. முதல் முறை எங்களுடையது.

எங்கள் பக்கத்தில் சுண்ணாம்பைக் கூடையால் அளப்பதுதான் வழக்கம். கூடைக்குக் கூடை. சிப்பி வெந்தாலும் உருவம் அவ்வளவாகக் குலைவதில்லை. பத்துக் கூடை போனால் பத்துக்குக் கொஞ்சம் குறைய வரும், இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டு பிரியும். ஆனால் வாப்பா இருபது வருடம் புத்தளத்துச் சந்தையில் கிலோவோடு வாழ்ந்தவர். அவர் அங்கே புதிதாக வாங்கிய படிக்கற்களைப் போட்டு, அதே தராசில் சிப்பியைக் கூடை கூடையாக நிறுத்துக் கொடுத்தார். சுண்ணாம்பு வந்து இறங்கியதும் அதையும் நிறுத்தார்.

"யோசேப், இது என்ன?"

"சுண்ணாம்பு, நானா," என்றார் யோசேப். எங்கள் பக்கத்தில் அண்ணன்தான் நானா.

"சுண்ணாம்பு எண்டு எனக்கும் தெரியும். மிச்சம் எங்க?"

"என்ன மிச்சம்? கூடைக்குக் கூடை சரியா வந்திருக்கு. எண்ணிப் பாருங்கோ."

"கூடையை விடு. ஆயிரம் கிலோ சிப்பி நிறுத்துத் தந்தனான். இப்ப எல்லாத்தையும் கூட்டினா ஐந்நூத்தி அறுபதுதான் வருது."

யோசேப் ஒரு துண்டை எடுத்துக் கையில் ஏற்றி இறக்கிப் பார்த்தார். "வெந்தா லேசாகும், நானா. அது எப்பவும் அப்பிடித்தான்."

"கருவாடு காஞ்சாலும் லேசாகும். அது தண்ணி. சிப்பியில என்ன தண்ணி கிடக்கு? எத்தனை வரிசமா வெய்யில்ல காஞ்சு கிடந்த சிப்பி!"

"புகையாப் போயிருக்கும்."

"புகை விறகின்ட புகை. விறகு நான் தரேல்ல."

சொந்த வாப்பா என்பதற்காகச் சொல்லவில்லை. வாதம் நன்றாகத்தான் இருந்தது. சுற்றி நின்ற சனத்துக்கும் அப்படித்தான் பட்டது. சாஹுல் ஹமீட், அவரும் சிப்பி குவித்து வைத்திருந்தவர், ஒரு துண்டை உடைத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், "சாம்பல் கலந்திருக்குமோ?" என்றார். சாம்பலின் மணம் அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

"நான் ஒண்டும் கலக்கேல்லை." யோசேப் நிமிர்ந்து நின்றார். கால் இரண்டும் மண்ணில் ஊன்றி இருந்தன. பெருவிரல் அசையவில்லை. எனக்கு அது போதும். இந்த மனிதர் சுண்ணாம்பில் கை வைக்கவில்லை.

அப்போதுதான் வாப்பா மற்றதைச் சொன்னார். "நாங்க விட்டிட்டுப் போன கதவும் இப்பிடித்தான். எங்க போச்சு எண்டு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. அது காத்தில போச்சு. இப்ப சிப்பியும் காத்தில போகுது. ஆர் ஊரில இருந்தது, ஆர் ஊரில இல்லாமப் போனது எண்டு பார்த்தா எல்லாம் விளங்கும்."

யோசேப்பின் பெருவிரல் மண்ணைக் கிளறியது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பன்," என்றார் வாப்பா. "எடை எங்க போச்சு எண்டு நீ சொல்லாட்டி, ஜும்மாத் தொழுகை முடிய நான் பள்ளிவாசல் முத்தத்தில எழும்பிச் சொல்லுவன். பிறகு இந்த ஊரிலயிருந்து ஒரு சிப்பி உன்ட சூளைக்கு வராது."

அவர் சொன்னால் வராது. சூளை அணையும், அதோடு யோசேப்பின் அடுப்பும். அதைவிடப் பெரிய விஷயமும் இருந்தது. இரண்டு ஊரும் அப்போதுதான் ஒன்றின் கலியாணத்துக்கு மற்றது வர ஆரம்பித்திருந்தது. பள்ளி முற்றத்தில் 'கள்ளன்' என்ற சொல் விழுந்தால் அது ஒரு யோசேப்போடு நிற்காது.

என் மனைவி நுஸ்ரியா பள்ளிக்கூடத்தில் பத்தாம் பதினோராம் ஆண்டுகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். நான் இரசாயனவியல் பரீட்சையில் சித்தியடையாத ஆள் என்பது அவளுக்குக் கலியாணத்துக்குப் பிறகுதான் தெரியும். அதையும் ஒரு கழிவாகக் கழித்துக்கொண்டு என்னை ஏற்றுக்கொண்டாள். அன்று மாலை அவள் வாப்பாவுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"மாமா, எங்க போச்சு எண்டு நீங்க கேட்டது சரியான கேள்வி. பிழையான ஆளிட்டக் கேட்டிட்டீங்க."

"வேற ஆரிட்டக் கேக்க?"

அவள் அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து, பூச்சு உதிர்ந்த சுவரில் எழுதினாள்.

CaCO₃ → CaO + CO₂

"இடப்பக்கம் இருக்கிறது சிப்பி. கல்சியம் காபனேற்று. நெருப்பில வேகேக்க அது ரெண்டாப் பிரியும். ஒண்டு சுண்ணாம்பு. மற்றது காபனீரொட்சைட்டு, நாங்க மூச்சு விடுறதில இருக்கிற அதே வாயு. அது பறந்திடும்."

வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புதிய சரக்கைப் பார்ப்பதுபோல் அந்த வரியைப் பார்த்தார். "நடுவில என்ன, அம்பா?"

"தாக்கம் நடந்து இது அதா மாறுது எண்டதுக்கு அடையாளம்."

"இல்ல. இது தராசு முள்ளு. இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு."

நுஸ்ரியா அந்த அம்பின் மேல் கரியால் இன்னொரு கோடு இழுத்தாள். தன் வகுப்பில் ஒரு வருடமாக முயன்றும் கிடைக்காத பதில் அது என்று பிறகு என்னிடம் சொன்னாள். "ஓம் மாமா, அப்பிடியே வச்சுக்கொள்ளுங்க. ஒட்சிசன் இந்தப் பக்கம் மூண்டு. அந்தப் பக்கம் எண்ணுங்க."

"இதில ஒண்டு. இதில ரெண்டு. மூண்டு."

"காபன்?"

"ஒண்டுக்கு ஒண்டு."

"கல்சியமும் அப்பிடித்தான். ஒண்டும் புதுசா வரேல்ல, ஒண்டும் இல்லாமப் போகேல்ல. ஆளை விட்டு ஆளோட சேர்ந்திருக்குது, அவ்வளவுதான். திணிவுக் காப்பு எண்டு சொல்லுறது. இதை எடையாப் போட்டா, சிப்பி நூறு எண்டா சுண்ணாம்பு ஐம்பத்தாறு. மிச்சம் நாப்பத்திநாலு அந்த வாயு. உங்கட ஆயிரத்துக்கு ஐந்நூத்தி அறுபது. யோசேப் அண்ணன் நல்லா வேகவச்சுத் தந்திருக்கிறார், மாமா. சிப்பி அரைகுறையா வெந்திருந்தா எடை இன்னும் கூட வந்திருக்கும்."

வாப்பா கண்ணாடியைக் கழற்றினார். "நாப்பத்திநாலு பங்கு காத்து."

"ஓம்."

"காத்துக்கு எடையா, மகள்?"

எங்கள் வம்சம் எதையெதையோ எடைக்கு விற்றிருக்கிறது. உப்பை, ஈரத்தை, ஒரு மாரி காலத்தில் கோணிச் சாக்கையே விற்றிருக்கிறது. காற்றை விற்கத் தோன்றவில்லை. அவர் குரலில் இருந்தது சந்தேகமா, கைவிட்டுப் போன வியாபாரத்தின் கவலையா என்று எனக்குத் தெரியவில்லை.

"சுவரில எழுதினதை நான் நம்புவன், ஏனெண்டா நீ எழுதினது," என்றார். "ஆனா ஒருத்தனைக் கள்ளன் எண்டு சொன்னது என்ட தராசு. இல்லையெண்டும் அதுதான் சொல்லோணும்."

"சொல்லும். ஆனா இங்க இல்ல. அந்த மனுசனுக்கு முன்னால."

வாப்பா தொழப் போன பிறகு நான் அவளிடம் பெருவிரல் விஷயத்தைச் சொன்னேன். "அந்தாள் சுண்ணாம்பு எடுக்கேல்ல. ஆனா எதையோ எடுத்திருக்கிறார்."

"எனக்குச் சுண்ணாம்பைப் பற்றித்தான் தெரியும்," என்றாள் நுஸ்ரியா. ஆனால் கரியைக் கழுவிய கையை வெகுநேரம் துடைத்துக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மூவரும் பனங்காட்டைத் தாண்டிப் போனோம். யோசேப் சூளை வாயில் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கதிரை எடுத்துவர உள்ளே போனார். ஒரே ஒரு கதிரைதான் இருந்தது. அதை வாப்பாவுக்கு முன் வைத்தார். வாப்பா உட்காரவில்லை. தராசைப் பூவரசங் கிளையில் தொங்கவிட்டார்.

நுஸ்ரியா பையிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்ரிக் சோடாப் போத்தலை எடுத்தாள். அடியில் வினாகிரி ஊற்றியிருந்தாள். சிப்பித் தூளை மெல்லிய கடதாசியில் பொட்டலமாகக் கட்டி, நூலால் கழுத்துக்குள் தொங்கவிட்டு, மூடியை இறுக்கினாள். போத்தல் ஒரு தட்டில். மற்றத் தட்டில் வாப்பா படிக்கற்களை வைத்து, போதாததற்கு மணலைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினார். முள் நடுவில் வந்து நின்றது.

"நிக்குதா, மாமா?"

"நிக்குது."

அவள் போத்தலை எடுத்துக் கவிழ்த்துக் குலுக்கினாள். பொட்டலம் வினாகிரியில் விழுந்து பிரிந்தது. உள்ளே பால் பொங்குவதுபோல் நுரை பொங்கியது. போத்தல் கல்லுப்போல் விறைத்தது. நுரை அடங்கியபின் திரும்பத் தட்டில் வைத்தாள். தட்டு ஆடி, ஆடி, நின்றது. முள் அதே இடம்.

"இது நெருப்பில்ல, புளிப்பு. ஆனா சிப்பியில இருந்து கிளம்பினது அதே வாயுதான். ஒண்டும் வெளியில போகேல்ல, அதால எடை குறையேல்ல. இப்ப பாருங்க."

மூடியைத் திருகினாள். பாம்பு சீறுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. போத்தலை ஒருமுறை அமுக்கி விட்டு, மூடியையும் சேர்த்துத் தட்டில் வைத்தாள். போத்தல் இருந்த தட்டு மெல்ல மேலே எழும்பியது. வாப்பா அதைத் தடுக்கப் போவதுபோல் கையை நீட்டி, பிறகு இழுத்துக்கொண்டார்.

சூளைக்குள் ஒரு கட்டை சரிந்தது.

"மூடினா சரி வருது," என்றார் வாப்பா கடைசியில். "திறந்தா குறையுது."

"சூளைக்கு மூடி இல்லைத்தானே, மாமா."

வாப்பா யோசேப்பின் பக்கம் திரும்பினார். வியாபாரத்தில் அவர் பிழையை ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. பிழை எப்போதும் காலநிலையுடையதாக இருக்கும். அன்று அவர் நேராகச் சொன்னார். "யோசேப், நான் சொன்னது பிழை. உன்ட கையில ஒண்டும் ஒட்டேல்ல. நாளைக்குப் பள்ளி முத்தத்தில அதை எல்லாருக்கும் கேக்கச் சொல்லுவன். யோசேப்பின்ட கை சுத்தம் எண்டு சொல்லுவன்."

யோசேப் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்தார். முகம் துடைப்பார் என்று பார்த்தேன். துடைக்காமல் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ, நானா."

"ஏன்?"

"சுண்ணாம்பு சரி. அதை மட்டும் சொல்லுங்கோ. கை சுத்தம் எண்டு சொல்லாதேங்கோ. உங்கட கதவு... நான்தான் கழட்டினனான்."

இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். என்றாலும் கேட்டபோது என் கால் பெருவிரல்தான் மண்ணுக்குள் புதைந்தது.

"அன்ரோனெற் செத்த நேரம் பாதை பூட்டிக் கிடந்தது," என்றார் யோசேப். "மன்னாருக்குப் போய்ச் சவப்பெட்டி வாங்க ஏலாது. ஊருக்குள்ள பலகை எண்டு ஒண்டும் மிஞ்சேல்லை, எல்லாத்தையும் பங்கருக்குப் போட்டிட்டினம். பாயில சுத்திப் புதைக்கச் சொன்னவை. எனக்கு மனம் வரேல்லை. உங்கட வீடு திறந்து கிடந்தது. கூரை ஓட்டையும் வளையையும் ஆரோ அதுக்கு முன்னமே கொண்டு போயிட்டாங்கள். கதவு மட்டும் நிண்டது."

வாப்பா கதிரையில் உட்கார்ந்தார். நிலத்தைப் பார்த்தபடி கேட்டார்:

"ரெண்டையுமா எடுத்தனீ?"

"ஓம் நானா. ஒண்டு கீழ, ஒண்டு மேல. பக்கத்துக்குப் பழைய வள்ளப் பலகை."

வாப்பா மெல்லத் தலையாட்டினார். அவர் மனதில் அளவு எடுக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கதவின் அகலம் அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அதற்குள் ஒரு மனுசி எப்படி அடங்கினாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதில எழுத்து இருந்ததே."

"ஓம். சீவி எடுக்க எண்டுதான் உளியைக் கொண்டு போனனான்." யோசேப் கையிலிருந்த துவாயை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். "உங்கட வாப்பா அந்த இலக்கத்தைக் குந்தியிருந்து வெட்டேக்க, நான்தானே முத்தத்தில சுண்ணாம்பு இறக்கிக்கொண்டு நிண்டனான். கை வரேல்லை. மேல் பலகையில உள்பக்கமாத் திருப்பி அடிச்சன். அவ பார்க்கிற பக்கமா."

நுஸ்ரியா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மூடி திறந்த போத்தல் தட்டில் அப்படியே இருந்தது. காற்றுக்குத் தராசு லேசாக ஆடியது.

வாப்பா எழுந்து தராசைக் கழற்றினார். மணலைத் தட்டினார். படிக்கற்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டார். நான் ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன், மன்னிப்போ, ஏச்சோ. "பொழுது பட்டிட்டு, போவம்," என்றார் அவர். எங்கள் தெருவுக்குள் வந்த பிறகுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். அவர் வாசல்களைப் பார்க்கவில்லை. எதிரே வந்த முஹைதீன் ஸலாம் சொன்னார். வாப்பா முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். முஹைதீன் நின்று திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் ஜும்மா முடிந்து, தகரக் கொட்டகைப் பள்ளியின் முற்றத்தில் சனம் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது வாப்பா எழுந்து நின்றார். என்ன சொல்லப் போகிறார் என்று என்னிடமும் சொல்லவில்லை.

"யோசேப்பின்ட சூளையில எடை சரி," என்றார். "நான் சொன்னது பிழை. சிப்பி வெந்தா நூத்துக்கு ஐம்பத்தாறுதான் வரும், மிச்சம் வாயு. சந்தேகம் உள்ளவங்க என்ட மருமகளிட்ட வந்து கேளுங்க, தராசில காட்டுவா. எல்லாரும் சிப்பியைக் குடுங்க. நிறுக்க வேணாம், கூடையால குடுத்துக் கூடையால வாங்குங்க."

சாஹுல் ஹமீட் விடுகிற ஆள் இல்லை. "அது சரி ஹுசைன் நானா. அண்டைக்குக் கதவைப் பற்றியும் ஒண்டு சொன்னீங்களே? அந்தப் பக்கத்து ஊர்க்காரர்..."

வாப்பா தன் செருப்பைக் கண்டுபிடித்து ஒரு காலை நுழைத்தார். மற்றக் காலை நுழைத்தார். சொந்த வாப்பாவிடம் பார்க்கக் கூடாத இடத்தை, அவர் காலைப் பார்த்தேன். பெருவிரல் அசையவில்லை.

"கதவு நான் குடுத்தது."

"எப்ப?"

"குடுத்தது எண்டு சொல்லுறன். எப்ப எண்டு உனக்கு என்னத்துக்கு?"

வீட்டுக்குத் திரும்பும்போது நான் மெதுவாகக் கேட்டேன். "வாப்பா, குடுக்கிறதெண்டா அதுக்கு மனசில நிய்யத்து வேணுமே. எப்ப வச்சீங்க?"

"எழும்பி நிக்கேக்க வச்சனான்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார்: "மரம் எங்கயும் போகேல்லத்தானே. அங்கதான் கிடக்கு."

ஐப்பசியில், மரித்தவர்களின் திருநாளுக்கு முன்னர், கத்தோலிக்க ஊரில் கல்லறைகளுக்கு வெள்ளை அடிப்பார்கள். எங்கள் சுவர் பூசி முடிந்து ஒரு கூடைச் சுண்ணாம்பு மிஞ்சியிருந்தது. வாப்பா அதை நிறுக்காமல் என்னிடம் கொடுத்து யோசேப்பிடம் கொண்டுபோகச் சொன்னார். நான் படங்கை விலக்கி வெளியே வந்தபோது, அவர் புதுச் சுவரைத் தடவிக்கொண்டே நுஸ்ரியாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பறந்த வாயு இனி வராதா, மகள்?"

"வரும் மாமா. பூசின சுண்ணாம்பு காத்தில இருந்து அதைத் திரும்ப எடுக்கும். எடுத்து எடுத்துப் பழையபடி கல்லாகும். சிப்பி என்னவோ அதுவாகவே வரும்."

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

"சுவர் மொத்தமெண்டா வரிசக் கணக்கா எடுக்கும்."

"எடுக்கட்டும்," என்றார் வாப்பா.

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் பனங்காட்டுப் பாதையில் இறங்கினேன். வழியில் என்னையறியாமல் அதன் பாரத்தைக் கணித்துக்கொண்டே போனேன். வளர்ப்பு அப்படி.